மாத்தா என்று கேட்டது

"அவரு எதுக்கு ஓடுனாரு, புஷ்பம்?"

ராசம்மாக்கா என்னிடம் இப்படிக் கேட்டபோது அவள் புருஷன் காளியப்பன் மாமாவைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் தோட்டத்து லயத்து வரிசையில் கடைசி வீடு அவர்களுடையது. வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. கத்தி மட்டும் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

"சுட்டது யாருன்னு நான் கேக்கல. அது ஊருக்கே தெரியும். நீதான அங்க இருந்த? அவரு ஏன் ஓடுனாருன்னு சொல்லு."

எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அதைச் சொன்னேன்.

அன்று காலையில் நல்ல மழை. கீரை பறிக்கப் போனவள், ரோட்டு ஓரத்தில் இருந்த பழைய அன்னாசிக் கொட்டகையில் ஒதுங்கி நின்றேன். யுத்தத்துக்கு முன்னால் பெக்கான் நானாஸ் டவுனில் இருந்த தொழிற்சாலைக்குப் போகும் பழங்களை அங்கேதான் குவித்து வைப்பார்கள். இப்போது கூரை பாதிதான் இருந்தது. காளியப்பன் மாமா லயத்துப் பக்கமிருந்து வந்து என்னைக் கடந்து போனார். தோளில் மம்பட்டி. தலையில் கோணிச்சாக்கு. சாக்கின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் தள்ளித் தலையில் கவிழ்த்துக்கொண்டால் அதுதான் எங்கள் ஆட்களுக்கு மழைக்கோட்டு. பின்னால் இருந்து பார்த்தால் யார் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

அவருக்குப் பின்னால், நல்ல தூரத்தில், கனகராஜ் அண்ணன் போலீஸ் உடுப்பில் வந்தார். கையில் துப்பாக்கி. கூடவே ஒரு ஜப்பான்காரன், கண்ணாடி போட்டவன். அவன் மாமாவின் முதுகைக் காட்டி ஏதோ கேட்டான். நான் மாமா போன பக்கம் திரும்பினேன். அப்போதுதான் அந்தக் கத்தல் கேட்டது.

"மாத்தா!"

கொட்டகையில் நின்ற நானே ஒரு அடி பின்னால் போனேன். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டு அன்னாசிக் காட்டுக்குள் பாய்ந்தார். மறுபடி ஒரு கத்தல் கேட்டு, பின்னால் வந்தவர்கள் பக்கம் திரும்பினேன். பிறகு வெடிச் சத்தம்.

போலீஸ்காரரை எங்கள் பக்கத்தில் மாத்தா என்றுதான் சொல்வோம். மலாய்க்காரர்கள் மாத்தா மாத்தா என்று இரண்டு தடவை சொல்வதை நாங்கள் ஒன்றாகக் குறைத்துக்கொண்டோம். சயாமில் ரயில் ரோடு போட ஜப்பான்காரன் ஆள் பிடிக்க ஆரம்பித்த பிறகு அது வெறும் பெயராக இல்லை. ரோட்டில் போலீஸ் தலை தெரிந்தால், முதலில் பார்க்கிறவர் "மாத்தா!" என்று கத்துவார். காதில் விழுந்த ஆண்கள் எல்லாம் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அன்னாசி வரிசைக்குள் விழுந்துவிட வேண்டும். என் அப்பா ஒரு நாள் குளித்துக்கொண்டிருந்தார். கோவணத்தோடு ஓட வெட்கப்பட்டு வேட்டியைத் தேடினார். அவரைக் கொண்டு போய்விட்டார்கள். அதோடு என் பள்ளிக்கூடமும் நின்றது.

"மாத்தான்னு கத்துனது யாரு?" என்று ராசம்மாக்கா கேட்டாள்.

"தெரியலக்கா."

"நான் வீடு வீடாக் கேட்டுட்டேன். அந்த மழையில ஒருத்தரும் வெளிய வரல. ரோட்டுல ஆளே இல்ல."

"ஆனா எனக்குக் கேட்டுச்சுக்கா."

அவள் சீவுவதை நிறுத்தினாள். "ஸ்டேஷன்ல என்ன சொல்றாங்க தெரியுமா? காட்டுல ஒளிஞ்சு ஜப்பான்காரனை அடிக்கிற ஆளுங்களுக்குச் சேதி கொண்டு போனாராம். அதான் போலீஸைப் பார்த்ததும் ஓடுனாராம். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றாரு. அரிசிக் கார்டை எடுத்துக்குவாங்க. வீட்டை விட்டும் போகணும். பிள்ளைங்களைக் கூட்டிட்டு நான் எங்க போவேன்?" குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத் தெரியாம ஏதாச்சும் செஞ்சிருப்பாரா புஷ்பம்? ஒண்ணும் இல்லாத மனுசன் எதுக்கு ஓடணும்?"

கார்டு போவதைவிட இந்த இரண்டாவது விஷயம்தான் அவளை அரித்தது. சேர்ந்து வாழ்ந்த மனிதரைச் செத்த பிறகு சந்தேகப்பட வேண்டியிருந்தது.

கனகராஜ் அண்ணன் அந்நியர் அல்ல. எங்கள் லயத்தில் பிறந்தவர். வெள்ளைக்காரன் காலத்திலேயே போலீஸில் சேர்ந்தார். அப்போது அவரை "நம்ம மாத்தா" என்பார்கள். சம்பள நாளில் கள்ளுக்கடை வாசலில் விழுந்து கிடப்பவர்களை லாக்கப்பில் போடாமல், தோளில் சாய்த்து வீடு வரைக்கும் கொண்டு வந்து விடுவார். "அக்கா, உங்க சாமான் இந்தாங்க, எண்ணிப் பார்த்துக்குங்க" என்பார். புருஷன் அடித்தால் பெண்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் மிரட்டுவார்கள். இப்போது அவர் சைக்கிள் மணி கேட்டால் கதவுகள் சாத்திக்கொண்டன.

இரண்டு நாள் கழித்து அரிசி வாங்க பெக்கான் நானாஸுக்குப் போனேன். கடை வாசலில் நீள வரிசை. எனக்கு முன்னால் எங்கள் லயத்து வெள்ளையம்மா அத்தை. அவள் வாய் சும்மா இருக்காது.

"போன தடவை குடுத்த அரிசியில அரிசியைவிடச் சுண்ணாம்புதான் அதிகம். வீட்டுக்கு வெள்ளை அடிச்சுட்டு மிச்சத்தை வடிச்சேன்."

"பல்லு வெள்ளையா இருக்குமே அத்தை" என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி.

"இருக்கிறதே மூணு பல்லு. அது எந்தக் கலர்ல இருந்தா என்ன?"

வரிசையைப் பார்த்துக்கொள்ளக் கனகராஜ் அண்ணனைப் போட்டிருந்தார்கள். அவர் பக்கம் வந்ததும் பேச்சு நின்றது. அவர் யாரையோ பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். அந்த அம்மாள் முந்தானையை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். அவர் நகர்ந்து கடைப் படி அருகே போய் நின்றார்.

கடைக்காரர் அரிசி மூட்டையைப் பிரித்ததும் தள்ளுமுள்ளு ஆரம்பித்தது. பின்னால் இருந்தவர்கள் முன்னால் வந்து மோதினார்கள். கனகராஜ் அண்ணன் கையைத் தூக்கிக்கொண்டு கத்தினார்.

"மத்தே!"

வரிசையில் பாதி ஒரே நொடியில் காணாமல் போனது. கூடைகள் உருண்டன. ஒரு தாத்தா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்காலில் குதித்தார். வெள்ளையம்மா அத்தை எதிர்க்கடைப் பலகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளை எந்த சயாமுக்கும் யாரும் கூட்டிப் போக மாட்டார்கள். ஆனாலும் ஓடினாள்.

"ஏய், எங்க ஓடுறீங்க? நிக்கத்தானே சொன்னேன்!" என்று கத்தினார் கனகராஜ் அண்ணன்.

பலகைக்குப் பின்னால் இருந்து அத்தையின் தலை எட்டிப் பார்த்தது. "அலமாக்! நீதானய்யா மாத்தா மாத்தான்னு கத்துன? நீ இங்க இருக்கிறது தெரியாதா எங்களுக்கு? உன்னைப் பார்த்து நீயே கத்துவியா?"

"மாத்தா இல்ல அத்தை, மத்தே! நிப்பான் பாஷையில நில்லுன்னு அர்த்தம். இனிமே மலாயில கத்தக்கூடாது, இதைத்தான் கத்தணும்னு ஸ்டேஷன்ல பாடம் நடத்துனாங்க."

"உனக்குப் பாடம் நடத்துனாங்க. எங்களுக்கு யாரு நடத்துனா?"

வாய்க்காலில் நின்ற தாத்தா முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கனகராஜ் அண்ணனும் சிரித்தார். பல நாளைக்குப் பிறகு எங்கள் ஆட்கள் அவரோடு சேர்ந்து சிரித்தது அன்றுதான். அவர் முகம் பழைய மாதிரி ஆகிவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டகையில் மழைக்கு நடுவே கேட்டது அதே குரல், அதே சத்தம். ரோட்டில் வேறு ஆளே இல்லாதபோது கத்தியது யார் என்று ஊர் முழுக்கத் தேடினோம். கத்தியவர் துப்பாக்கியோடு எங்கள் கண் முன்னால்தான் இருந்திருக்கிறார்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. கடைக்குப் போனால் கார்டை நீட்டுவேன், அவ்வளவுதான். அன்று வரிசையை விட்டு வெளியே வந்து நேராக அவரிடம் போனேன்.

"அண்ணே, அன்னைக்கு மழையிலயும் இதைத்தான் கத்துனீங்களா?"

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு வாய்க்காலில் இருந்து ஏறிக்கொண்டிருந்த தாத்தாவைப் பார்த்தார்.

"நான் கொட்டகையில இருந்தேன். எனக்கும் மாத்தான்னுதான் கேட்டுச்சு. மாமா உங்களைப் பார்த்து ஓடல. அவரு திரும்பவே இல்ல. யாரோ நம்ம ஆளு ஓடச் சொல்றாங்கன்னு ஓடுனாரு."

"மெதுவாப் பேசு" என்றார்.

"வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர்கிட்ட இதை நீங்க சொல்லணும்."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா உனக்கு? தப்பான ஆளைச் சுட்டேன்னு எழுதுவாங்க. என்னையே சயாமுக்கு அனுப்பிடுவாங்க."

"அப்ப நான் சொல்றேன். நீங்க இல்லன்னு சொல்லாம நின்னா போதும்."

அவர் சட்டென்று வரிசைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் திரும்பி வந்தபோது என் இடம் போயிருந்தது. வெள்ளையம்மா அத்தை என்னை இழுத்துத் தன் முன்னால் விட்டாள்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். வயதான மலாய்க்காரர், பழைய சர்க்காரிலும் இருந்தவர். ராசம்மாக்கா வீட்டு வாசலில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் உட்காராமல், அவளுடைய அரிசிக் கார்டை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். கனகராஜ் அண்ணன் அவருக்குப் பின்னால் துப்பாக்கியோடு நின்றார். லயமே கூடியிருந்தது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "போகாத புஷ்பம். அப்பாவும் இல்ல. உனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

கையை விடுவித்துக்கொண்டு முன்னால் போனேன்.

எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். மழை, சாக்கு, மம்பட்டி, கேட்ட சத்தம். இங்கே மாத்தா என்று கத்தினால் ஆண்கள் என்ன செய்வார்கள், ஏன் செய்வார்கள். அரிசிக்கடை வாசலில் நடந்ததையும் சொன்னேன். எங்கேயும் குரல் நடுங்கவில்லை. நடந்ததைத்தானே சொல்கிறேன், அதில் பயப்பட என்ன இருக்கிறது?

இன்ஸ்பெக்டர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கனகராஜ் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பெண் சொல்வது நிஜமா?"

எல்லோரும் அவரையே பார்த்தோம்.

"பெத்துல், துவான்" என்றார். நிஜம்தான் ஐயா.

"அவன் கையில் ஏதாவது இருந்ததா?"

"இல்லை, துவான். மம்பட்டியையும் போட்டுவிட்டார்."

இன்ஸ்பெக்டர் அன்னாசிக் காட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு பையிலிருந்து அரிசிக் கார்டை எடுத்து ராசம்மாக்கா கையில் கொடுத்தார். செத்தவர் காட்டு ஆட்களைச் சேர்ந்தவர் அல்ல, கட்டளையைத் தவறாகக் கேட்டு ஓடினவர் என்று எழுதுவேன் என்றார். வீட்டை விட்டுப் போக வேண்டாம் என்றார். போகும்போது கனகராஜ் அண்ணனிடம், "ஸ்டேஷனில் எந்த மொழியில் வேண்டுமானாலும் பாடம் படி. இவர்களிடம் இவர்கள் மொழியில் கத்து" என்று சொல்லிவிட்டு ரோட்டில் நின்ற காரை நோக்கி நடந்தார்.

கனகராஜ் அண்ணன் உடனே போகவில்லை. தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் தொப்பி அழுத்திய கோடு சிவப்பாக இருந்தது.

"அக்கா, நான் வேணும்னு செய்யல. சாக்குல மூஞ்சி தெரியல. நம்ம காளியப்பண்ணன்னு தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா?"

"சுட்டிருக்க மாட்டேன்க்கா."

"அப்ப வேற யாராச்சும்னா சுடலாமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்பாக் கேட்டுட்டாரு அக்கா. நின்னிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

ராசம்மாக்கா கார்டை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் ஆச்சரியமாக இருந்தது. பல நாள் கழித்துத் தூங்கி எழுந்தவள் மாதிரி இருந்தாள்.

"அவரு தப்பாக் கேட்டாரு. சரி. என்கிட்ட எதையும் மறைக்கலன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அது போதும் எனக்கு, இனி அதைப் பத்தி நான் யாரையும் கேக்க மாட்டேன். உன்னைக் கேக்குறது வேற. கையில ஒண்ணும் இல்லாம முதுகைக் காட்டிக்கிட்டு ஓடுற ஆளு உன்னை என்ன செஞ்சிருவாரு? எதுக்குச் சுட்ட?"

"பக்கத்துல ஜப்பான்காரன் இருந்தான்க்கா."

"அவன் சுடச் சொன்னானா?"

கனகராஜ் அண்ணன் வாயைத் திறந்தார். அப்போது அவர் கண் என் மேல் பட்டது. நான் கொட்டகையில் இருந்தவள். அந்த நேரம் ஜப்பான்காரன் கண்ணாடியைக் கழற்றி மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெடிச் சத்தம் கேட்டு அவனே திடுக்கிட்டுத்தான் நிமிர்ந்தான். நான் அதைப் பார்த்தேன் என்பது இப்போது அவருக்கும் தெரியும்.

நான் கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லு தம்பி" என்றாள் ராசம்மாக்கா. "சொன்னானா?"

கனகராஜ் அண்ணன் தோளில் இருந்த துப்பாக்கி வார் நழுவியது. அவர் அதை இழுத்து விட்டுக்கொண்டார். தொப்பியை மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. கையில் பிடித்தபடியே திரும்பி, திறந்திருந்த எங்கள் கதவுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, ரோட்டைப் பார்த்து நடந்தார்.