தாங்கள் சொன்னதே சரி

அன்றைக்குச் சண்முகப்ரியாவுக்கு இருந்த கோபத்துக்குச் சூளையே வேண்டாம். பச்சைக் களிமண்ணைக் கையில் கொடுத்திருந்தால் வெந்திருக்கும்.

கோபம் அவளுடைய ஆய்வு வழிகாட்டி அரங்கநாதன் மேல். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகள் உடைசல் என்று கொட்டுவதை அரைத்து, களிமண்ணில் கலந்து, தண்ணீர் இழுக்காத டைல்ஸ் செய்திருந்தாள் அவள். நாலு வருட உழைப்பு. அதைப் பற்றிய கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தால்தான் முனைவர் பட்டம். கட்டுரையைச் சரிபார்த்த நிபுணர் ஒருவர், 'காயவைக்காமல் எடை போட்டிருக்கிறீர்கள், அதனால்தான் தண்ணீர் இழுக்காததுபோலத் தெரிகிறது' என்று எழுதியிருந்தார். காயவைக்காமலா? எடை ஒரே நிலையில் நிற்கும்வரை திரும்பத் திரும்ப உலர்த்தியவள் அவள். எல்லாம் கட்டுரையிலேயே இருக்கிறது, மனுஷர் படிக்கவில்லை.

"அத அப்பிடியே எழுதிடறேன் சார்."

"ஏம்மா, பெரியவங்க ஒண்ணு சொன்னா எதுத்தா எழுதுவாங்க? 'தாங்கள் சொன்னதே சரி, பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்'னு எழுது. மனசு எறங்கிப் போட்டுடுவாங்க."

எதையும் கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதுவதுபோல எழுதுகிற பழக்கம் அவரை விடவில்லை. ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவராயிற்றே, பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொன்னதையே இங்கிலீஷில் எழுதி அனுப்பினாள்.

மனசாவது இறங்குவதாவது! 'முடிவு தவறென்று நீங்களே ஒப்புக்கொள்வதால் கட்டுரையை நிராகரிக்கிறோம்' என்று பதில் வந்தது.

அரங்கநாதன் அதை ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் கேட்கப் படித்தார்.

"ஸ்ரீமுஷ்ணத்துப் பள்ளிக்கூடத்துல படிச்ச இங்கிலீஷ வெச்சிக்கிட்டு வெளிநாட்டுக்கு எழுதுனா இப்பிடித்தான். என் மானத்த வாங்கிட்டா."

படுபாவி! சொல்லிக்கொடுத்தது இவர், ஏச்சு வாங்குவது அவளா?

அவள் யாரையும் கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினாள்: 'நிபுணர் சொன்னது தவறு. டைல்ஸ் காய்ந்துதான் இருந்தது. எடைகள் மூன்றாம் பக்கத்தில் இருக்கின்றன.' சுற்றி வளைக்கவில்லை, குழையவில்லை.

மறுவாரம் அவளுக்கும் அரங்கநாதனுக்கும் சேர்த்தே பதில் வந்தது. ஆசிரியர் எடைகளைப் பார்த்தாராம். கட்டுரையை மறுபடி எடுத்துக்கொள்கிறாராம். ஒன்று மட்டும் கேட்டிருந்தார்: சரியான முடிவைத் தவறென்று முதலில் ஏன் ஒப்புக்கொண்டீர்கள்?

அரங்கநாதன் அவள் மேசைக்கே வந்துவிட்டார். குரலில் தேன் ஒழுகியது.

"இங்கிலீஷ் சரியா வராது, தெரியாம எழுதிட்டேன்னு போட்டுடும்மா. ஒனக்கு என்ன கொறைஞ்சிடப் போவுது? நாளைக்கு ஆய்வேட்டுல கையெழுத்து நான்தான போடணும்?"

மிரட்டுகிறார் என்று தெரிந்தது. நினைத்தால் நாலு வருடத்தையும் மண்ணாக்கிவிடுவார் மனுஷர். ஆனாலும், 'வழிகாட்டி அப்படி எழுதச் சொன்னார், பயந்து எழுதினேன்' என்று அடித்து, அவர் கண்ணெதிரிலேயே அனுப்பினாள்.

"என்னம்மா இப்பிடிப் பண்ணிட்ட!"

"இங்கிலீஷு என்னுது சார்," என்றாள். "கும்புடு உங்களுது. அவங்கவங்களுத அவங்கவங்க வெச்சிக்கலாம்."