முன்வாசல் படிக்கட்டு

லண்டனில் எட்வர்டு மன்னர் காலத்து மாடிக் குடியிருப்பு ஒன்றில் சமையல்காரராக இருந்த பாண்டுரங்கன், ஊர் திரும்பியதும் ஜமுனாமரத்தூரில் அதே மாதிரி வீடு கட்டினார். சிவப்புச் செங்கல், வெளியே பிதுங்கிய ஜன்னல்கள், இரண்டு படிக்கட்டுகள். லண்டனில் அந்தக் காலத்தில் முன்பக்கத்துப் பளிங்குப் படி வீட்டுக்காரர்களுக்கு; பின்பக்கத்து இரும்புப் படி வேலைக்காரர்களுக்கும் கரி மூட்டைக்கும். வழக்கம் எப்போதோ ஒழிந்துவிட்டது. ஆனாலும் அவரை அங்கே யாரும் முன்படியில் ஏறச் சொன்னதில்லை.

கிரகப்பிரவேசத்தன்று கோட்டு மாட்டிக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தோடு முன்வாசலில் நின்றார். ஒருவரும் வரவில்லை. சாம்பார் வாசனை பின்பக்கம் அடித்ததால், ஊரே இரும்புப் படியில் ஏறிப் பந்தியில் உட்கார்ந்துவிட்டது.

மைத்துனன் அருள்மணி ஏப்பம் விட்டபடி சுற்றி வந்தான். “இன்னா மாமா, இங்க நிக்கிறீங்க? சாப்பிடலியா?”

“மரியாதையா இப்படி ஏறிப் போலாம் வா, மச்சான்.”

“ஐயோ, அது வழுக்குது மாமா.”

பாண்டுரங்கன் தனியாகவே, ராஜா நடையில் ஏறினார். மேலே கதவு திறக்கவில்லை. தட்டினார்.

“யாரு?” என்றாள் மனைவி சம்பூர்ணம்.

“நான்தான், வூட்டுக்காரன்!”

“கதவாண்ட பந்தி ஒக்காந்துகீது. பின்னால வாங்க!”

மூடிய கதவை முறைத்தார். பிறகு பசி ஜெயித்தது. கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, இரும்புப் படியில் தடதடவென்று ஏறி, இலைமுன் உட்கார்ந்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.