குதித்த கையெழுத்தும் இரண்டு ஷாக் அப்சார்பர்களும்

1

"ஷாக் அப்சார்பரப் பத்தி ஒனக்கு என்னட்டி தெரியும்?"

ராஜபாளையத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், நாலு பேர் முன்னால் என் அண்ணன் பொன்னுராஜ் கேட்ட கேள்வி இது. இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. இதற்கு முன் ஆறு தொடக்கங்கள் எழுதி அடித்துவிட்டேன். ஒன்றில் மழை பெய்தது. கடைக்குப் போன அன்று மழையே இல்லை. இன்னொன்று 'மலையடிவாரத்தின் பச்சை மடியில்' என்று தொடங்கி அங்கேயே நின்றது. மடியில் எதை வைப்பதென்று தெரியவில்லை.

2

கதைக்கு ஓர் ஆபத்து வேண்டுமாம். இதில் அது முன்பே இருந்தது, நான் சேர்க்கவில்லை.

எங்களிடம் ஒரு பிக்கப் வண்டி. மாம்பழக் காலத்தில் வத்திராயிருப்பில் ஏற்றி, பாதியை ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மீதியை ராஜபாளையத்தில் பழ வியாபாரி பரிபூரணம் அக்கா குடோனிலும் இறக்குவோம். அண்ணன் ஓட்டுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பழ ட்ரேக்களைப் பார்த்துக்கொள்வேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும் பழம் நன்றாக இருக்கும். ராஜபாளையத்தில் இறங்குவது கன்றிப் போயிருக்கும்.

"இன்னொரு லோடு இப்பிடி வந்துச்சுன்னா சமுத்திரம் வண்டிக்கு மாத்திருவேன் தம்பி" என்று அக்கா சொல்லிவிட்டார். மாம்பழ ஓட்டம் போனால் எங்கள் வண்டிக்கு வேறு ஓட்டம் இல்லை.

சமுத்திரம் எங்கள் ஸ்டாண்டிலேயே வண்டி ஓட்டுகிறவர். "ஏலே பொன்னுராசு, ஏத்துறது பழம், எறக்குறது சாறா?" என்று ஸ்டாண்டே சிரிக்கும்படி கேட்பார். அண்ணனும் சிரிப்பான். வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடமாட்டான்.

3

(அண்ணனை வில்லனாக எழுதிய இரண்டு பக்கங்களைக் கிழித்துவிட்டேன். அவன் வில்லன் இல்லை. ஷாக் தடியாக இருந்தால் நல்லது என்று எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் நம்புவதை அவனும் நம்பினான். அவ்வளவுதான்.)

4

கடைக்காரர் ஜெபக்குமார் அண்ணாச்சி இரண்டு ஜோடிகளை மேசைமேல் வைத்தார். ஒன்று வண்டியோடு வந்த அளவு. இன்னொன்று பாரவண்டிக்காரர்கள் கேட்டு வாங்கும் தடித்த ரகம்.

"தடியா இருக்கத எடுங்க அண்ணாச்சி" என்றான் அண்ணன்.

"வேண்டாண்ணே" என்றேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வி. நாலு பேரும் சிரித்தார்கள்.

[இங்கே 'அவள் தலைநிமிர்ந்து, தெளிவான குரலில்' என்று எழுதியிருந்தேன். பொய். தலையைக் குனிந்தபடி நோட்டை நீட்டினேன்.]

நோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். பத்தாம் வகுப்போடு நின்ற பிறகு ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து கதை எழுதுகிறேன். எழுதியதைச் சீட்டுக்கு அடியில் சாக்கைச் சுற்றி வைத்திருப்பேன். யாருக்கும் தெரியாது. அண்ணன் நான் ட்ரே கணக்கு எழுதுவதாக நினைத்திருந்தான்.

அன்று அதைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். அண்ணாச்சிக்கு நான் காட்ட நினைத்தது கதையை அல்ல, கையெழுத்தை. ஸ்ரீவில்லிபுத்தூர் வரை எழுத்துகள் கோட்டில் உட்கார்ந்திருக்கும். பாதி பழம் இறங்கியதும் குதிக்கத் தொடங்கும். ஒரு 'ழ'வின் வால் இரண்டு கோடு தாண்டிக் கீழே கிடந்தது. எந்தத் தேதியைப் புரட்டினாலும் இதே கதை.

அண்ணாச்சி எழுத்தைப் பார்த்தார். அத்தோடு விட்டிருக்கலாம். வாசிக்கவும் செய்தார், சத்தமாக.

"'அண்ணன் தும்மினால் வண்டியும் கூடத் தும்முகிறது.' ஏலே, ஒன்னையத்தாம்லே எழுதிருக்கா!"

நான் ஷாக் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிய இடம் தேடினேன். அவர் பக்கங்களை மறுபடி புரட்டினார். இந்த முறை சிரிக்கவில்லை.

"லோடு கொறஞ்ச பொறவுதாம்லே குதிக்கு. பின்னால கூடுதலா ஸ்பிரிங் பட்டை போட்டிருக்கியா?"

"செங்கல் ஓட்டம் ஓடுனப்பப் போட்டேன் அண்ணாச்சி."

"செங்கல் போயிருச்சு, பட்டை போகல. பாரத்தத் தாங்குறது பட்டை. அது துள்ளுறத அடக்குறது ஷாக். அம்புட்டுத்தான். ஒன் ஷாக் செத்துப்போச்சு, பட்டை தன் இஷ்டத்துக்கு ஆடுது. இதுல தடி ஷாக்கையும் மாட்டுனேன்னா பாதி லோடுல கட்ட வண்டிதான். பட்டைய ஒன்னு கழட்டு. வண்டியோட வந்த அளவ மாட்டு. பிள்ள சரியாச் சொல்லுது."

அண்ணன் ஒல்லியான ஜோடியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டான்.

5

முடிவு அ: பரிபூரணம் அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறார். (அடித்துவிட்டேன். அக்கா யாரையும் கட்டிப்பிடிக்கிறவர் இல்லை.)

முடிவு ஆ: ஷாக் மாற்றியும் பழம் கன்றிவிடுகிறது, வாழ்க்கை இப்படித்தான் என்று (சோகமாக முடித்தால் பெரிய கதை மாதிரி இருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லையே, நான் என்ன செய்ய?)

நடந்தது: பட்டை ஒன்றைக் கழற்றி, புது ஷாக்கை மாட்டினோம். அடுத்த லோடில் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் பேனாவைத் திறந்தேன். வேகத்தடை வந்தது. வண்டி ஏறியது, இறங்கியது, துள்ளாமல் நிதானித்தது. எழுத்து கோட்டை விட்டு அசையவில்லை.

குடோன் வாசலில் சமுத்திரம் தன் வண்டியைக் காலியாக நிறுத்தி, கதவில் சாய்ந்திருந்தார். எங்கள் லோடு கெட்டால் அங்கேயே ஓட்டத்தைப் பேசிக்கொள்ள வந்திருந்தார்.

அக்கா ஒவ்வொரு ட்ரேயாகச் சாக்கில் பரப்பி, பழத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கடைசி ட்ரேயிலும் ஒன்றுமில்லை.

"ஒன்னுகூடக் கன்னலையே! என்ன தம்பி பண்ணுன?"

"நான் ஒன்னும் பண்ணலக்கா. எந் தங்கச்சி மாரிக்கனி பாத்து எடுத்த ஷாக்கு. அவ எழுதுவா" என்றான் அண்ணன், குடோன் முழுக்கக் கேட்கும்படி.

(இந்த வரியைப் பன்னிரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் நன்றாகவே இருக்கிறது.)

"அப்பிடியாட்டி?" என்று அக்கா என்னைப் பார்த்தார். "மாம்பழக் காலம் முடியுற வரைக்கும் நீங்களே ஓட்டுங்க."

நான் என்ன பதில் சொன்னேன்? ........................ அந்த இடத்தை உங்களுக்கு விட்டிருக்கிறேன். நீங்கள் என்ன எழுதினாலும் நான் சொன்னதைவிட நன்றாகத்தான் இருக்கும்.

நீங்கள் எழுதி முடிப்பதற்குள் சமுத்திரம் வந்து, சாக்கிலிருந்து ஒரு பழத்தை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். இருந்த இடத்திலேயே வைத்தார். தன் காலி வண்டியில் ஏறிப் போய்விட்டார்.