அளவு தப்பாத ஊசி

பேருந்துப் பணிமனைக்குப் பின்தெருவில் மூன்றாவது வீட்டுப் பெரியவர், மூத்த மருமகள் பின்னிக் கொடுத்த புது ஸ்வெட்டரைப் போட்ட அன்று நான்கு விரற்கடை குட்டையானார். ஸ்வெட்டர் அவருக்குக் கச்சிதமாக இருந்தது. குளியலறை வாசல் நிலையில் தலை இடிக்காமல் உள்ளே போனவர், ஏதோ குறைகிறதே என்று வெளியே வந்து, மறுபடியும் உள்ளே போய்ப் பார்த்தார். அந்த வீட்டுக்குக் குடிவந்த நாள் முதல் இடித்து இடித்து அவர் நெற்றியில் ஒரு தடிப்பே உண்டு. நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், சீட்டு வாங்காதவனை முதுகைப் பார்த்தே பிடித்தவர். ஆகவே தன் உயரம் போனதாக அவர் நினைக்கவில்லை. யாரோ நிலையைத் தூக்கி வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தார். தச்சரைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். தச்சர் நிலையை அளந்தார், பிறகு கேட்காமலே பெரியவரையும் அளந்தார், கூலி வாங்காமல் போய்விட்டார்.

அந்த மூத்த மருமகளைத் தெருவில் உரைகல் என்றுதான் சொல்வார்கள். எதையும் உரசிப் பார்க்காமல் வீட்டுக்குள் விடமாட்டாள். பால் வந்தால் நகத்தில் ஒரு சொட்டு விட்டு வழிகிறதா நிற்கிறதா என்று பார்ப்பாள். தன் வீட்டுக் கடிகாரத்தை எதிர்வீட்டுக் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போனால் இரண்டின்மேலும் சந்தேகப்படுவாள். பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அவள் புருஷன் நேராக வீட்டுக்கு வந்தேன் என்றால், சட்டைக் காலரை ஒரு தரம் மோந்துவிட்டுத்தான் சோறு போடுவாள். குளிர் அதிகமான அந்த ஊரில் அவள் ஆர்டருக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்துவந்தாள். அதிலும் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அளவு நாடாவைக் கண்டதும் மனுஷன் மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்துவான், எடுத்த அளவில் கொஞ்சம் பொய் கலந்திருக்கும் என்பது அவள் கட்சி. அதனால் யாரை அளந்தாலும் அதில் ஒரு பிடி குறைத்துத்தான் ஊசியில் நூல்கண்ணி போடுவாள். போதாததற்கு, போட்ட கண்ணி நழுவிவிடுமோ என்று ஒவ்வொன்றுக்கும் நூலைச் சுண்டி இழுத்து இறுக்குவாள். பழைய ஊசிகளில் இது தெரியவில்லை. அவை வளைந்து, நுனி மழுங்கி, சாயம் தேய்ந்து, வெள்ளை நூலில் சாம்பல் கறை பூசுகிறவை. கண்ணிகள் கோணல்மாணலாக விழுந்ததால் நாலு துவைப்பில் நெகிழ்ந்து கொடுத்துவிடும், போடுகிறவர்களும் சும்மா இருந்துவிடுவார்கள்.

அந்தச் சாம்பல் கறை தாங்காமல்தான் நல்ல ஊசி வாங்கப் போனாள். கடைத்தெருக் கோடியில் இருந்த நூல்கடைக்காரர் ஒரு ஜோடி எஃகு ஊசியை எடுத்து வைத்தார். விலையைக் கேட்டதும் உரைகல்லுக்குக் காது அடைத்தது. அந்த விலைக்கு ஊசி தானாகவே பின்ன வேண்டும் என்றாள். முதலில் கண்ணாடி மேஜைமேல் உருட்டி, துள்ளாமல் ஓடுகிறதா, வளைவு இருக்கிறதா என்று பார்த்தாள். நுனியை விரல் சதையில் அழுத்தினாள். ரொம்பக் கூர் என்றால் நூலைப் பிளக்கும், மொட்டை என்றால் கண்ணிக்குள் நுழையாது. இது இரண்டுக்கும் நடுவில் நின்றது. கையோடு கொண்டுபோன நூலை நுனியிலிருந்து கொண்டை வரைக்கும் இழுத்து, இழை எங்காவது மாட்டுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள். மேலே போட்டிருந்த நம்பரையும் நம்பாமல், முந்தானையில் முடிந்துவைத்திருந்த, ஊசிப் பருமன் பார்க்கிற ஓட்டைத் தகட்டை எடுத்து ஊசியை அதில் விட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, மாப்பிள்ளை பாத்தப்போகூட இவ்வளவு பாத்திருக்க மாட்டீங்க."

"மாப்பிள்ளையை எங்கப்பா பாத்தாரு. அதனாலதான் ஊசியை நான் பாக்குறேன்."

"இதுல பின்னினா அளவு தப்பவே தப்பாது. அதுக்கு நான் ஜவாப்தாரி."

குறையே இல்லாத சாமானில்தான் பெரிய குறை இருக்கும் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே உரைகல் அதை வாங்கி வந்தாள். அவள் ஓரகத்தி, அதே வீட்டு இளைய மருமகள், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், அப்போது ஐந்து மாசக் கர்ப்பம். வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டே, "என்னக்கா, ஊசி வாங்கினீங்களா, இல்ல ஊசிக்கு ஜாதகம் வாங்கினீங்களா?" என்று கேட்டாள். ஜாதகமும் கேட்டேன், தரமாட்டேனுட்டான் என்றாள் உரைகல்.

புது ஊசியில் பின்னியதில், பெரியவருக்குப் பிறகு எதிர்வீட்டுத் தையல்காரருக்குப் போனது ஒரு ஸ்வெட்டர். பீப்பாய் மாதிரி இருந்தவர், தலை வழியாக அதை இழுத்துவிட்டுக்கொண்டதும் குடுவை மாதிரி ஆனார். அடுத்து பெட்டிக்கடைக்காரி தோள் குறுகினாள். ஸ்வெட்டரைக் கழற்றினாலும் ஆள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. எல்லாரும் பழைய துணிகளைப் பிடித்துத் தைக்க எதிர்வீட்டுக்கே கொண்டுபோனார்கள், அதனால் தையல்காரருக்கும் உரைகல்லுக்கும் உள்ளுக்குள் ஏதோ ஏற்பாடு என்று தெரு பேசியது. இளைக்க நினைத்த சில பெண்கள் இருட்டில் வருகிற மாதிரி முகத்தை மூடிக்கொண்டு பட்டப்பகலில் வந்து ஆர்டர் கொடுத்தார்கள். கொடுத்த பிறகு அவர்களும் சந்தேகப்பட்டார்கள், இடுப்பைச் சொன்னால் இவள் கழுத்தையும் குறைத்துவிடுவாளோ என்று. பெரியவருக்குப் பழைய உயரம் வரட்டும் என்று உரைகல் கூடுதலாகக் கண்ணி போட்டு இன்னொன்று பின்னிப் பார்த்தாள். கூடுதலாகப் போட்டோமே, தொளதொளக்குமோ என்று கை இன்னும் இறுக்கியது. அதுவும் முந்தின அளவே வந்தது. பழைய ஊசியில் பின்னினால் வெறும் ஸ்வெட்டர்தான் வந்தது. புது ஊசியை வேறு யார் கையில் கொடுத்தாலும் அது வெறும் ஊசியாக இருந்தது.

ஊசியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். கடைக்காரர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு கேட்டார்.

"அளவு தப்புச்சா?"

"தப்பலை."

"அப்புறம்?"

"ஆளு தப்பிடுச்சே!"

"ஊசிக்குத்தாம்மா நான் ஜவாப்தாரி. ஆளுக்கு இல்லை."

ஊசியோடு வீட்டுக்குத் திரும்பினாள். ஊசியைப் பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டு, அது அங்கேயே இருக்கிறதா என்று அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டாள்.

ஏழாம் மாசம் முடியும் முன்பே ஓரகத்திக்கு வலி கண்டது. பிறந்த பெண்குழந்தை இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கியது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். எடை ஏறவில்லை, இருந்ததும் கரைந்துகொண்டிருந்தது. டாக்டர் பார்க்கலாம் என்றார், அந்தப் பார்க்கலாமை யாரும் நம்பவில்லை. ஓரகத்தி அழவில்லை. பார்க்க வந்த உரைகல்லின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அந்த ஊசியை எடுங்க. இவளுக்குப் பெருசா ஒண்ணு பின்னுங்க. என் வேன்ல ஏறி உக்கார்ற அளவுக்கு வேண்டாம். ஒரு வயசுப் பிள்ளை அளவு போதும்."

பெரியவர் குறுக்கே வந்தார். "நான் பட்டவன் சொல்றேன், அந்தக் கையில பிள்ளையைக் கொடுக்காதீங்க. இருக்கிறதே ஒரு சாண்." தெரு இதைவிட மோசமாகப் பேசியது. உரைகல்லுக்குப் பிள்ளை இல்லை. இல்லாதவள் இன்னொருத்தி பிள்ளைக்குப் பெரிதாகப் பின்னுவாளா என்று குழாயடியில் கேட்டுக்கொண்டார்கள். பாவம், அவள் காதில் அது விழுந்தது. எல்லாரையும் உரசிப் பார்த்தவள் தன்னையே எடுத்து உரசிப் பார்த்தாள், சாயம் போகிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஒரு வயசுப் பிள்ளைக்கு உண்டான கண்ணிகளைப் போட்டுப் பின்னினாள். பொம்மைக்குப் போடுகிற அளவு வந்தது. பிரித்தாள். மறுபடி பின்னினாள், அதைவிடச் சின்னதாக வந்தது. பிள்ளைக்கு மூச்சு இருக்குமோ இருக்காதோ என்று நினைக்கிற கை நூலை எப்படித் தளர விடும், நீங்களே சொல்லுங்கள். பிரித்துப் பிரித்து நூல் சுருள் சுருளாகிவிட்டது. அந்தச் சின்னதை யாராவது எடுத்துக் குழந்தைக்குப் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் பிரிக்கிற வரைக்கும் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் ஆளாளுக்குத் தன் கையையே பார்க்கிறார்கள் என்று நூலையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போனாள். குழந்தை இருந்த கண்ணாடி அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள். படுக்கச் சொன்னால் படுக்கமாட்டாள். கண்ணை மூடினால் உள்ளே ஏதாவது ஆகிவிடும் என்று பிரசவம் ஆனதிலிருந்து தூங்கவே இல்லை. உரைகல் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு வரிசை பின்னியிருப்பாள். பேசிக்கொண்டிருந்த ஓரகத்தியின் தலை அப்படியே சாய்ந்து அவள் வலது கைமேல் விழுந்தது. நல்ல கனம். வேன் ஓட்டுகிறவள் தூக்கம், குறட்டையோடு வந்தது.

உரைகல் நூலைச் சுண்டி இழுக்கிற கை அதுதான். இழுத்தால் முழங்கை ஆடும், ஆடினால் இவள் விழித்துக்கொள்வாள். விழித்தால் மறுபடி எப்போது தூங்குவாளோ. ஆகவே அவள் இழுக்கவில்லை. விரல் நுனியால் மட்டும் நூலைப் போட்டாள், கண்ணி விழுந்தது விழுந்தபடி கிடந்தது. வலைமாதிரி தொங்கியது. அதைப் பார்த்தும் அவள் முழங்கையை அசைக்கவில்லை. அந்த வாரம் மத்தியானம்தோறும் ஓரகத்தி அந்தக் கையில்தான் தூங்கினாள். வேறு தலையணை கொடுத்தால் உடனே விழித்துக்கொண்டாள். ஸ்வெட்டரின் முன்பக்கம், பின்பக்கம், இடது கை மூன்றும் அப்படித்தான் தளர்வாக விழுந்தன. பின்னல் வலது கையில் பாதிக்கு மேல் போனபோது நர்ஸம்மா வந்து, பால் பிழிந்து கொடுக்க ஓரகத்தியை எழுப்பிக் கூட்டிப்போனார். கை விடுபட்டதும் உரைகல் பழக்கதோஷத்தில் மிச்ச வரிசைகளை இழுத்து இறுக்கி முடித்துவிட்டாள். தைத்து விரித்துப் பார்த்தால் ஒரு கை இரண்டு விரற்கடை குட்டை. பிரிக்க உட்கார்ந்தாள். அதற்குள் நர்ஸம்மா ஓடிவந்து, எடை இன்னும் இறங்கிவிட்டது, போடுவதானால் இப்போதே கொடுங்கள் என்று கை நீட்டினார்.

உரைகல் ஸ்வெட்டரை விடவில்லை. நர்ஸம்மா ஒரு பக்கம் இழுத்தார், இவள் ஒரு பக்கம் இழுத்தாள். "கை சரியில்லைங்க, கை சரியில்லை," என்றாள். ஓரகத்தி வந்து நின்று பார்த்தாள். "எந்தக் கைக்கா? பின்னின கையா, பின்னப்பட்ட கையா? கொடுங்க," என்று வாங்கி உள்ளே அனுப்பினாள்.

குழந்தை ஸ்வெட்டருக்குள் காணாமல் போனது. கழுத்துப் பட்டைக்குள் ஒரு கொத்து முடி மட்டும் தெரிந்தது. பிறகு கழுத்து நிறைந்தது, பிறகு தோள். ஈரத் துணி காய்கிற வேகத்தில்தான் நடந்தது, அவசரமில்லாமல். நர்ஸம்மா சாப்பிட்டு வருவதற்குள் ஐந்து விரல் கைக்கு வெளியே வந்து கண்ணாடியைத் தட்டியது. எடை போட்டுப் பார்த்தார்கள். தராசு கெட்டுவிட்டது என்று வேறு தராசு கொண்டுவந்தார்கள், அதுவும் கெட்டிருந்தது. கண்ணாடிப் பெட்டி அடுத்த பிள்ளைக்கு வேண்டும் என்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு சுலபமாக அனுப்புகிறார்களே என்று உரைகல் வாசல்வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பெரியவர் குட்டையாகவே காலத்தைக் கழித்தார். நெற்றித் தடிப்பு மறைந்தது, அதற்கும் யார் காரணம் என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். பெண் வளர்ந்தாள். இடது கை வலதுகையைவிட இரண்டு விரற்கடை நீளம், அவ்வளவுதான். அவளுக்குச் சட்டை எடுக்கும்போது இரண்டு கைக்கும் தனித்தனியாக அளவு சொல்வார்கள், யாரும் ஏன் என்று கேட்டதில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அவள் பெரியம்மாவிடம் வந்து உட்கார்ந்துகொள்வாள். தெருவில் பின்னல் கற்றுக்கொள்கிறவர்கள் வந்து, அந்த எஃகு ஊசி அவ்வளவு விலைக்குப் பெறுமா, வாங்கலாமா என்று கேட்பார்கள். உரைகல் ஊசியை விரலில் ஒரு உருட்டு உருட்டிப் பார்ப்பாள், பெண்ணை ஏற இறங்கப் பார்ப்பாள்.

"இப்பவே எப்படிச் சொல்றது? இவளுக்கு இன்னும் பன்னெண்டு வயசுகூட முடியலை. கொஞ்ச நாள் போகட்டும், பாப்போம்."

பெண் அந்த நீளக் கையை நீட்டி, மேல்தட்டிலிருந்து அடுத்த நூல் உருண்டையை எடுத்துக் கொடுப்பாள்.