இருபத்துமூன்றாம் எண்

அபுதாபியின் முசஃபாவை விட்டுக் கிளம்பியதிலிருந்து வண்டிக்குள் அந்த மணி அடித்துக்கொண்டே இருந்தது. பின்சீட்டில் ஆள் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்பது அதன் புகார். பின்சீட்டில் ஆள் யாரும் இல்லை. பாண்டித்துரையின் வெல்டிங் தலைக்கவசத்தையும் தோல் கையுறைகளையும் திணித்த கனத்த பை ஒன்றுதான் இருந்தது. முதல் சிக்னலில் உமாராணி உடம்பைத் திருப்பி, அந்தப் பைக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினாள். மணி நின்றது.

“அவன் உசுரோட இருந்தப்பவும் இப்படித்தாண்ணே. சொன்னாத்தான் போடுவான்,” என்றாள்.

முன்சீட்டில் இருந்த அருள்ராஜ் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. அன்று முழுக்கத் தூசிக்காற்று. சூரியன் தேய்ந்த காசுபோல் வெளுத்துக் கிடந்தது. சாலையோர விளக்குக் கம்பங்கள் நாலைந்துக்கு அப்பால் ஒன்றையும் காணவில்லை.

பாண்டித்துரை அவளுடைய அண்ணன். மானாமதுரைக்காரன். முசஃபாவில் எஃகுத் தொட்டிகள் செய்யும் பட்டறை ஒன்றில் பதினோரு வருடம் வெல்டராக இருந்தவன். அருள்ராஜுக்கும் அதே பட்டறை, அதே கேம்ப், அதே அறை. மேல்கட்டில் பாண்டித்துரையுடையது, கீழ்க்கட்டில் இவனுடையது. கடந்த ஜூன் மாதம் ஒரு விடியற்காலை டியூட்டிக்கு எழுப்பியபோது மேல்கட்டில்காரன் எழவில்லை. இதயம் என்றார் டாக்டர். நாற்பத்தியொரு வயது.

சாவதற்கு முந்தைய வருடத்தில்தான் பட்டறைக்குப் புது வகை ஆர்டர்கள் வந்தன. ஹோட்டல்களுக்குள்ளேயே சின்னச் சின்னதாக பீர் காய்ச்சும் கூடங்கள் திறந்துகொண்டிருந்தார்கள். அபுதாபியில் ஒன்று, துபாயில் ஒன்று, ராஸ் அல் கைமாவில் கடலை ஒட்டி ஒன்று. பீர் நுரைத்துப் பழுக்கும் தொட்டிகளை பாண்டித்துரை செய்தான். தண்ணீர்த் தொட்டியும் எண்ணெய்த் தொட்டியும் செய்து சலித்தவனுக்கு அதில் ஒரு பெருமை. துபாய் சத்வாவில் பல் கிளினிக் ஒன்றில் வேலை பார்த்த தங்கை அப்போதுதான் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தாள். மூன்று கூடமும் ஓட ஆரம்பித்ததும் ஒரே நாளில் மூன்றையும் சுற்றி வருவது, ஒவ்வோர் இடத்திலும் தன் தொட்டியிலிருந்து ஒரு கிளாஸ் குடிப்பது என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தான். இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிப்பவர் நாக்கில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. அதனால் அவள் ஓட்டுவாள், அவன் குடிப்பான், எப்படி இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லுவான்.

இப்போது அவன் இடத்தில் அருள்ராஜைக் கூப்பிட்டிருந்தாள். மாட்டேன் என்று சொல்ல இவனுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. உண்மையான காரணத்தைச் சொல்ல முடியாது.

மூன்றாவது தொட்டியை முடித்தது பாண்டித்துரை அல்ல.

பட்டறையில் ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் எண் உண்டு. பரீட்சை வைத்துத் தேறியவனுக்குத்தான் அது கிடைக்கும். இணைப்பை முடித்ததும் அதன் ஓரத்தில் தன் எண் அச்சை வைத்து ஒரே அடி. அதற்குப் பிறகு அந்த இணைப்பு எத்தனை வருடம் கழித்துக் கசிந்தாலும் யார் கை என்று தெரிந்துவிடும். பாண்டித்துரையின் எண் இருபத்துமூன்று. அருள்ராஜ் இரண்டு முறை பரீட்சை எழுதித் தோற்றவன். அவனுக்கு எண் கிடையாது. தேறியவர்களுக்குத் தகடு பிடித்துக் கொடுப்பது, தேய்ப்பது, மெருகேற்றுவதுதான் அவன் வேலை.

பாண்டித்துரையின் உடல் ஊருக்குப் போன மறுநாள், ஃபோர்மேன் சாதிக் பாட்ஷா இவனைத் தனியாகக் கூப்பிட்டு அந்த அச்சைக் கையில் கொடுத்தார். ராஸ் அல் கைமாத் தொட்டியில் அடிவாய்க் குழாய் ஒன்றுதான் பாக்கி. தாள்கள் எல்லாம் இருபத்துமூன்றின் பேரில் போய்விட்டன. தேறிய மற்றவர்கள் ரெண்டு பேரும் ருவைஸில் எண்ணெய் ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலைக்குப் போயிருந்தார்கள்.

“ரெண்டு நாள் வேலைதான். அவனுக்கு நீ செய்யிற கடைசி ஒத்தாசைன்னு வெச்சுக்க,” என்றார் அவர்.

எஃகைப் பற்றவைக்கும்போது குழாயின் உள்பக்கம் ஆர்கான் வாயுவால் நிறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே பளபளப்பாகத் தெரியும் இணைப்பு உள்ளே கருகி, அடிபிடித்த பாகுபோல் பொரிந்துவிடும். அருள்ராஜ் முறையாகத்தான் ஆரம்பித்தான். தொட்டிக்குள் குந்தி உட்கார்ந்து முக்கால்வாசி முடித்திருந்தபோது, முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. டொக், டொக். பாண்டித்துரை தீ மூட்டும் முன்பு வெல்டிங் டார்ச்சின் கழுத்தை எஃகில் இரண்டு தடவை தட்டுவான். பதினோரு வருடமும் தட்டினான். அதே சத்தம், அதே இடைவெளி.

அருள்ராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. ஆர்கான் உருளை தீர்ந்து வாயு நின்றுபோனது அவனுக்குத் தெரிந்தது. புது உருளை மாட்ட அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரம் அங்கே இருக்க அவனால் முடியாது. மிச்சமிருந்த நாலு விரல் அகலத்தை வாயு இல்லாமலே ஓட்டிவிட்டு வெளியே வந்து, குழாயின் வெளிப்பக்கம் அச்சை வைத்து அடித்தான். குழாயின் உள்பக்கம் யார் கண்ணுக்கும் தெரியாது.

அபுதாபிக் கூடத்தில் ஒரு பலகையில் நான்கு சின்னக் கிளாஸ்களை வரிசையாக வைத்துக் கொடுத்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டி நின்றது. உமா கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு இணைப்பின் ஓரத்தில் இருந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தாள். செல்போனில் படம் எடுத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு இவன் வாயையே பார்த்தாள்.

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கசப்பா என்றாள். கசப்புத்தான், ஆனால் வேப்பங்கொழுந்துக் கசப்பு இல்லை, ஆரஞ்சுத் தோலைக் கடித்தால் வரும் கசப்பு என்றான். கறுத்ததைக் குடித்துவிட்டு, வறுத்த காப்பிக்கொட்டையை வாயில் அடக்கியதுபோல இருப்பதாகச் சொன்னான். அவள் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் தலையாட்டினாள். சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றான். அது உண்மை. பாண்டித்துரையின் இணைப்பில் ஒரு தூசிகூடத் தங்காது.

துபாயிலும் அப்படியே. அங்கே கோதுமை பீர் ஒன்றில் வாழைப்பழ வாசம் வந்தது. அதைச் சொன்னதும் அவள் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். அவனுக்கு வாழைப்பழமே ஆகாது, இந்நேரம் சண்டை போட்டிருப்பான் என்றாள். ஊரில் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவன் படத்துக்கு முன்னால் வைக்க ஒரு பாட்டில் வாங்கலாமா என்று யோசித்துவிட்டு வேண்டாமென்றாள். ராஸ் அல் கைமா போகும் சாலை ஷார்ஜாவைத் தாண்டித்தான் போகிறது. அங்கே மதுவிலக்கு, வண்டியில் பாட்டில் இருந்தாலே வம்பு. எனவே எல்லாவற்றையும் அருள்ராஜின் நாக்கில்தான் எடுத்துப் போக வேண்டியிருந்தது.

ஷார்ஜாவைக் கடக்கும்போது மணி மறுபடியும் அடித்தது. பெல்ட் மாட்டியபடியேதான் இருந்தது. உமா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள்.

“எறங்கணுமாம் அவனுக்கு,” என்றாள் சும்மா.

அருள்ராஜ் கையை நீட்டிப் பையைத் தொட்டான். வெயிலே இல்லாத நாளில் அது சூடாக இருந்தது. அடுத்த மேம்பாலத்தில் மணி தானாக நின்றது. தொட்டி உள்ளே எப்படி இருக்கும் என்று அவள் கேட்டாள். இருட்டாக இருக்கும் என்று மட்டும் சொன்னான்.

ராஸ் அல் கைமாவில் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. பிற்பகல் மூன்று மணிக்குக் கூடத்தில் கூட்டம் இல்லை. பீர் காய்ச்சுபவன் ரிஷி என்ற இளைஞன். துபாயிலேயே வளர்ந்த கோயம்புத்தூர்க் குடும்பம். தமிழ் முகங்களைப் பார்த்ததும் தானே பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். சுவரில் மாட்டியிருந்த பட்டியலைப் பார்த்த உமா எழுந்து நின்றுவிட்டாள். கடைசி வரியில் பீரின் பேராக, வெறும் எண் எழுதியிருந்தது. 23.

“அண்ணே, பாருங்க. அண்ணன் நம்பரு,” என்றாள்.

ரிஷிக்கு அது யாரென்று தெரியாது. அவன் உற்சாகமாக விளக்கினான். ஆங்கிலமும் தமிழுமாகக் கலந்து வந்தது. ஆரம்பத்தில் அந்தத் தொட்டியில் எதைப் போட்டாலும் புளித்துப்போனதாம். எத்தனை முறை கழுவியும் தீரவில்லையாம். கடைசியில் அடிவாய்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தார்களாம். இணைப்பு ஓரிடத்தில் கருகிப் பொரிந்து, அந்தப் பொந்துகளில் ஏதோ கிருமி குடியேறியிருந்ததாம். தொட்டியைத் தூக்கிப் போட மனமில்லாமல், புளிப்பு பீருக்கென்றே அதை ஒதுக்கிவிட்டார்கள். இப்போது வார இறுதியில் அதுதான் முதலில் தீர்கிறது.

“பைப் பக்கத்துல 23னு ஸ்டாம்ப் இருந்துச்சு. எவனோ வெல்டர், ஃபுல்லா சொதப்பிட்டான். அவன் பேர்ல ஒரு பீர்,” என்று சிரித்தான்.

உமா உட்கார்ந்தாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. கடைசி நாட்களில் அண்ணனுக்கு உடம்பு முடியாமல் இருந்திருக்கும், கை நடுங்கியிருக்கும், தன்னிடம் சொல்லவில்லை என்று தனக்குத்தானே மெதுவாகச் சொல்லிக்கொண்டாள். செத்தவனுக்காக ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தாள். அதுதான் அருள்ராஜுக்குத் தாங்கவில்லை.

கூடத்துக்குள் எங்கிருந்தோ சத்தம் வந்தது. டொக், டொக்.

“அது என்ன?” என்றான் அருள்ராஜ்.

தொட்டியிலிருந்து வரும் காற்று ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் வாளிக்குள் குமிழியிடுகிறது என்றான் ரிஷி. எல்லாத் தொட்டியும் பண்ணுவதுதான். இது மட்டும் எப்போதும் ரெண்டு ரெண்டாக விடும், ஏனென்று தெரியாது.

அருள்ராஜ் 23 இருந்த கிளாஸை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். புளியங்காயைக் கடித்த கூச்சம் பல்லில் ஏறியது. அதற்கடியில் இரும்பும் புகையும்.

“எப்படிண்ணே இருக்கு?” என்றாள் உமா. அவள் கேட்க வேண்டியதைத்தான் கேட்டாள்.

“இது என் கையி, உமா.”

அவளுக்குப் புரியவில்லை. அவன் சொன்னான். அச்சைக் கையில் வாங்கியதை, வாயு தீர்ந்ததை, நாலு விரல் அகலத்தை. பின்னால் கேட்ட சத்தத்தைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் பழியைப் பாண்டித்துரை மேல் போட்டதாகும்.

உமா காலிக் கிளாஸைத் தள்ளி வைத்தாள். பிறகு ரிஷியிடம் திரும்பினாள்.

“இருபத்துமூணு எங்க அண்ணன் நம்பருங்க. அவன் போட்டது ரெண்டு ஊர்ல இருக்கு, போயிப் பாருங்க. இது அவன் போட்டதில்ல.”

ரிஷி சங்கடத்தோடு அருள்ராஜைப் பார்த்தான். அப்படியானால் பட்டியலில் மாற்றிவிடுகிறேன், உங்கள் நம்பர் என்ன என்று கேட்டான்.

“எனக்கு நம்பர் இல்ல தம்பி.”

ரிஷி சுவருக்குப் போய், பட்டியலின் கடைசி வரியை ஈரத்துணியால் துடைத்தான். எண் போனது, விலை மட்டும் நின்றது.

தொட்டியைக் கிட்டே போய்ப் பார்க்கலாமா என்று உமா கேட்டாள். ரிஷி கதவைத் திறந்துவிட்டான். அருள்ராஜ் பின்னாலேயே போனான். அவள் தரையில் மண்டியிட்டு அடிவாய்க் குழாயைக் கண்டுபிடித்து, அச்சு விழுந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். எண் சற்றுச் சாய்ந்து விழுந்திருந்தது.

“அவன் அடிச்சா நேரா விழும். நாந்தான் மொதல்லயே பாத்திருக்கணும்,” என்றாள். பிறகு திரும்பாமலே கேட்டாள். “உருளை மாட்ட அரைமணி நேரம் இருக்க முடியலயாண்ணே? நீங்க அப்படிப்பட்ட ஆளில்லயே. உள்ள என்ன இருந்துச்சு?”

வாளியில் டொக், டொக் என்றது. அருள்ராஜின் தோள்கள் ஒடுங்கியதை அவள் பார்த்துவிட்டாள்.

உமா கார்ச் சாவியை எடுத்து, அண்ணன் தட்டும் அதே இடைவெளியில் எஃகில் இரண்டு தடவை தட்டினாள். தொட்டி லேசாக ரீங்கரித்து அடங்கியது. வாளியில் குமிழி நின்றுபோயிருந்தது. ரிஷி குனிந்து வாளியைப் பார்த்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணினால் இருபதுக்கு மேல் போயிருக்கும். அப்புறம் உள்ளிருந்து வந்தது. டொக், டொக்.

அவள் எழுந்து மேசைக்குத் திரும்பினாள். சாவியை அருள்ராஜின் முன்னால் வைத்தாள். ரிஷியிடம் அந்தப் பேரில்லாத பீரில் இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கி, கண்ணைத் திறந்தபடியே முழுக்கக் குடித்தாள். முகம் சுருங்கியது. கண்ணில் நீர் வந்தது புளிப்பினாலா என்று அவன் கேட்கவில்லை.

“இன்னிக்கு இனிமே வண்டி எடுக்க முடியாதுண்ணே,” என்றாள். “நீங்களும் எங்கயும் ஓட முடியாது. அவன் உள்ள என்ன பண்ணிட்டிருந்தான்னு மொதல்லருந்து சொல்லுங்க.”

அருள்ராஜ் சன்னலுக்கு வெளியே பார்த்தான். தூசிக்குள் அவளுடைய கார் நின்றது. பின்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு ஒரு பை, தலை சாய்த்து இந்தப் பக்கம் கேட்பதுபோல் இருந்தது.

“திரும்பிப் பாத்திருக்கணும் உமா,” என்று ஆரம்பித்தான். “நான் திரும்பிப் பாக்கல.”