உள்ளங்கால்

விடிவதற்கு முன்பே கொப்பரையின் மூடியைத் திறந்துவிட்டார்கள். காஸ்டிக் சோடா கரைத்த காரத் தண்ணீரில் இரவு முழுக்க வெந்த துணி ஆவி பறக்க வெளியே வந்தது. பரிபூரணம் அதைத் தோளில் போட்டு இழுத்தாள். ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குச் சுற்றுகிற பேண்டேஜ் துணி. காய்ந்தால் ஊதினாலே பறக்கும், நனைந்தால் பிணமாய்க் கனக்கும். அதிலிருந்து வடிந்த தண்ணீர் தரையெல்லாம் ஓடி வெறுங்காலைச் சுட்டது. பிளீச்சிங் நெடியில் கண் எரிந்தது. இதெல்லாம் அவளுக்குப் பழகிப்போனவை. அன்றைக்கு அவள் நடுங்கியது வேறொன்றுக்கு. அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அதுவும் தனியாக.

பக்கத்தில் வேலுத்தாய் நிற்கிற இடம் காலியாய்க் கிடந்தது. போன வாரம் அந்தத் தரையில்தான் வழுக்கி, கொதிக்கிற காரத் தண்ணீருக்குள் காலை விட்டுவிட்டாள். கணுக்கால் வரைக்கும் தோல் வழன்றுபோயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள். மதுரைக்குக் கொண்டுபோனால்தான் கால் தேறும் என்கிறார் டாக்டர். இப்போது கிடக்கிற ஆஸ்பத்திரியிலோ கட்டுக்கட்டப் பேண்டேஜ் துணி தட்டுப்பாடாம். அதைக் கேட்டு, கூட வேலைபார்க்கிற மைமூன் முதலில் சிரித்துவிட்டாள், பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

ராஜபாளையத்து ஆலையில் பாதியை ஒரு ஜெர்மன் கம்பெனி வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. வெளிநாட்டான் வந்தால் நல்லகாலம் பிறக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள், பாவம். பல தேசங்களில் உள்ள தங்கள் தொழிலாளிகளின் நிலையை மேற்பார்வையிடுவதற்கென்றே ஹெல்மூட் என்று ஒருவரைக் கம்பெனி வைத்திருந்தது. அவர் முதல் தடவை வந்த அன்று காலையில் பெண்களுக்கு முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டு முற்றத்தில் வாத்து மாதிரி நடந்து ஒருத்தியை ஒருத்தி கேலி செய்தார்கள். பிளீச்சிங் கூடத்து வாசல் வந்ததும் அத்தனை பேரும் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போனார்கள். கொப்பரைக்குக் குங்குமம் வைத்திருக்கிற இடம். போதாததற்குப் பெரிய மனுஷர் ஒருவர் எதிரே நிற்கிறார். செருப்புக் காலோடு போவார்களா? சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி பரிபூரணமும் கழற்றினாள், மைமூனும் கழற்றினாள்.

ஹெல்மூட் வாசலில் இருந்த பூட்ஸையும் உள்ளே நின்ற வெறுங்கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். கொடுத்தாலும் போடமாட்டார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டார். அது மரியாதை என்று எடுத்துச் சொல்ல அங்கே இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் முதலாளி சங்கரலிங்கம். அவர் வாயைத் திறக்கவில்லை. கார் கிளம்பிய சாயங்காலமே பூட்ஸெல்லாம் கோடவுனுக்குள் போய்விட்டன.

"அடுத்த தடவை அவிய வரும்போது போட்டுக்கிடலாம். சும்மா போட்டுத் தேய்க்கதுக்கா?" என்றார் சங்கரலிங்கம்.

இப்போது விபத்தைக் கேள்விப்பட்டு ஹெல்மூட் மறுபடி வந்திருந்தார். ஒவ்வொருவரையும் தனியாக விசாரிக்க வேண்டுமாம். அவருடைய ஊரில் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது அவருக்குத் தருகிற கௌரவம். இந்த ஊரில் தனியாகக் கூப்பிட்டால் கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று அர்த்தம். இது அவருக்குத் தெரியாது. தெரிந்த சங்கரலிங்கம் முற்றத்தில் நின்று பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இந்தா பரிபூரணம், பூட்ஸ் குடுத்தாங்களான்னு கேப்பாரு. ஆமான்னு சொல்லு. நீங்களாத்தான் கழட்டுனீங்களாம்பாரு. அதுக்கும் ஆமான்னு சொல்லு. ரெண்டும் நெசந்தான? பொய் சொல்லச் சொல்லலையே நான்."

"நெசந்தான் மொதலாளி. ஆனா அன்னைக்குச் சாயங்காலமே..."

"அதை அவரு கேக்கமாட்டாரு."

"வேலுத்தாய் கதி?"

"பூட்ஸைப் போடாதது அவ குத்தம். கம்பெனி ஒரு காசு தராது, வேலையும் கெடையாது. அவளுக்காக நீயும் போயிராத. ஒன் புருஷன் படுக்கையில கெடக்கான், ஞாபகம் இருக்கட்டும்."

பரிபூரணம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு ஆமாம் சொன்னால் வேலுத்தாய் நொண்டியாகி வன்னியம்பட்டித் தெருவில் கிடப்பாள். சொல்லாவிட்டால் தன் வீட்டில் அடுப்பு எரியாது. ஆபீஸ் வாசல்வரை போய்விட்டு, கால் எழாமல் நின்றாள்.

"ஏட்டி மைமூன், எனக்குப் பயமா இருக்கு. தனியாப் போகமாட்டேன்."

"எனக்கு மட்டும் பயமில்லையா? இந்தா பாரு, கை சில்லுன்னு கெடக்கு. எல்லாருக்கும் பயந்தான். அதைச் சேந்து பயப்படுவோம், வா."

மைமூன் பிளீச்சிங் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்துத் தலையை அசைத்தாள். துணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பெண்கள் வந்தார்கள்.

அறை நிறைந்துபோனதைப் பார்த்து ஹெல்மூட் ஒற்றை விரலைக் காட்டினார். ஒருவர் மட்டும் என்று அர்த்தம்.

"ஒருத்தியைக் கூப்பிட்டா கூட்டமா வாரீக? வெளிய போங்க!" என்றார் சங்கரலிங்கம்.

"அவதான் பேசுவா மொதலாளி. நாங்க சும்மா நிக்கோம்" என்றாள் மைமூன்.

ஹெல்மூட் கேட்டார். சங்கரலிங்கம் தமிழில் சொன்னார்: "பூட்ஸ் குடுத்தாங்களா?"

பரிபூரணம் ஹெல்மூட்டைப் பார்த்துச் சொன்னாள்: "குடுத்தாக. அன்னைக்குச் சாயங்காலமே வாங்கிக் கோடவுன்ல போட்டுப் பூட்டிட்டாக. அதனாலதான் வேலுத்தாய் கால் வெந்துச்சு."

சங்கரலிங்கம் ஹெல்மூட் பக்கம் திரும்பி ஒரே வார்த்தை சொன்னார். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, தான் பேசிய அத்தனையும் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்காது என்று அவளுக்குத் தெரியாதா? இனி என்ன பேசினாலும் இந்த ஆள் வழியாகத்தான் போக வேண்டும்.

மைமூனின் தோளைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினாள். பெரியவர்கள் எதிரில் கால் நீட்டி உட்காரக்கூடத் துணியாதவள், உள்ளங்காலை ஹெல்மூட்டின் முகத்துக்கு நேரே காட்டினாள். காரம் தின்று வெளுத்து, குழி குழியாய்ப் பொத்துப்போன கால்.

"அடி எடுபட்டவளே! யாருக்கு நேரா காலைக் காட்டுத!" சங்கரலிங்கம் எழுந்தே விட்டார்.

அது அவமரியாதை என்பது ஹெல்மூட்டுக்குத் தெரியவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். மைமூனும் காலைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் சுவரையும் தோளையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். பரிபூரணம் ஜன்னல் வழியே கோடவுனைக் கைகாட்டினாள்.

"பூட்ஸ்" என்றாள்.

அந்த வார்த்தைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. ஹெல்மூட் எழுந்து வெளியே நடந்தார். கோடவுன் கதவில் பெரிய பூட்டு தொங்கியது. அவர் ஏதோ கேட்டார். சங்கரலிங்கம் சட்டைப்பையைத் தடவிக் கையை விரித்தார். ஹெல்மூட் பூட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். யார் பக்கம் சாய்வார் என்று அந்த முகத்தில் தெரியவில்லை. அவர் ஆபீசுக்குள் போய் டெலிபோனை எடுத்தார்.

"எல்லாரும் போய் வேலையப் பாருங்க. இல்ல, ஒருத்திக்கும் நாளைக்கு வேலை கெடையாது" என்றார் சங்கரலிங்கம்.

"சாவி வரட்டும் மொதலாளி" என்றாள் மைமூன். கோடவுன் வாசலிலேயே உட்கார்ந்தாள். பரிபூரணமும் மற்றவர்களும் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாய்லரின் இரைச்சல் அடங்கியது. பாய்லர்காரர் பால்பாண்டி கையைத் துடைத்துக்கொண்டே வந்து, பெண்களுக்குச் சற்றுத் தள்ளிக் குத்தவைத்தார்.

பரிபூரணத்துக்குப் பயம் போகவில்லை. நாளை அடுப்பு எரியுமோ எரியாதோ. மைமூனின் தோள் ஒரு பக்கம் இடித்துக்கொண்டிருந்தது, இன்னொருத்தியின் தோள் மறுபக்கம். சங்கரலிங்கம் அவளுக்கு நேர் எதிரே வந்து நின்று முறைத்தார்.

அவள் நீட்டிய காலை மடக்கவில்லை.