முத்தத்துக்கு மட்டும் எச்சரிக்கை

தங்கபுஷ்பத்தின் வலைப்பூவில் ஒரு காதல் நாவலுக்கு இடம் கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு ஓர் எழுத்தாளர் என்று பதினோரு வருஷமாக அறிமுகம் செய்து வருகிறாள். முதலில் எழுத்தாளர் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். முத்தம் எத்தனை, எந்த அத்தியாயத்தில், கன்னத்திலா உதட்டிலா, படுக்கையறைக் கதவு சாத்தப்படுகிறதா, அதற்குள் வாசகரும் உள்ளே போய்விடுகிறாரா என்று பதினான்கு கேள்விகள். பதிலை அப்படியே நம்பிவிடவும் மாட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முழு நாவலையும் தானே படித்த பிறகுதான் புள்ளி வைப்பாள்.

புள்ளி என்றால் வேறொன்றுமில்லை, பிஸ்கட் பாக்கெட்டில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் போடுகிறார்களே, அந்த யோசனைதான். பச்சை வைத்தால் வீட்டில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சிவப்பு வைத்தால் பதினெட்டு வயது தாண்டியவர்களுக்கு மட்டும். கீழே பொறுப்புத் துறப்பும் இருக்கும்: "இக்கதையின் உள்ளடக்கத்துக்கு எழுத்தாளரே பொறுப்பு. படித்து ஏற்படும் விளைவுகளுக்கு வலைப்பூ பொறுப்பேற்காது." ஒருமுறை, மழையில் நனைந்த புடவையை ஒன்றரைப் பக்கம் வர்ணித்த அம்மாள் ஒருத்திக்குச் சிவப்பு வைத்துவிட்டாள். அந்த அம்மாள் போனில் அழுதே விட்டாள். தங்கபுஷ்பம் மசியவில்லை. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்னை நம்பியிருக்கிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அப்படிச் சொல்வதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. கணவர் கணேசமூர்த்திக்கு உஸ்மான் சாலையில் ஜாக்கெட் துணிக் கடை. ஆயிரம் புடவைக்கு ஆயிரம் நிறத்தில் துணி எடுத்துக் கொடுப்பவர், மனைவியின் இரண்டு நிறங்களைப் பார்த்துச் சிரிப்பார். "உங்க கடையில நிறம் தப்பினா புடவைதான் கெடும். என் கடையில தப்பினா பொண்ணுங்க கெட்டுப் போகும்" என்பாள் இவள்.

மருமகளைக்கூட வலைப்பூவில்தான் பிடித்தாள். திருவான்மியூரிலிருந்து மதுமதி என்றொரு பெண், பிளஸ் ஒன் படித்த காலத்திலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் பின்னூட்டம் போடுவாள். பிறகு வேலைக்குப் போனாள், பின்னூட்டம் நிற்கவில்லை. விசாரித்தால் சொந்த ஊர்ப் பக்கத்து ஆட்கள். அப்பா வைரவன் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறார். தங்கபுஷ்பமே நேரில் போய்த் தன் மகன் ராகேஷுக்குப் பெண் கேட்டாள். நிச்சயம் முடிந்து, பத்திரிகை அடித்து, கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி.

அன்று வியாழக்கிழமை காலை. மதுமதி முகூர்த்தப் புடவைக்கு ஜாக்கெட் துணி பார்க்கக் கடைக்கு வந்தவள், பின் சந்தில் இருந்த வீட்டுக்கும் வந்தாள். தங்கபுஷ்பம் மறுநாள் அறிமுகத்துக்காக சாருலதா என்ற எழுத்தாளரின் புது நாவலுக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். முத்தம் இல்லை, கதவு சாத்தியாகிவிட்டது. பச்சை.

"வா தாயி, இப்படி வெளிச்சத்துல உக்காரு" என்று சொல்லி, துணியைத் தோளில் வைத்துப் பார்க்க அவள் கூந்தலை ஒதுக்கினாள். ஒதுக்கியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இடது காதுக்குக் கீழே, பூசியிருந்த பவுடரையும் மீறி, நாலு விரல் தடம் தெரிந்தது. காது மடல் கன்றிப்போய் வீங்கியிருந்தது.

"என்னம்மா இது? யாரு?"

மதுமதி சிரித்தாள். தங்கபுஷ்பத்துக்கு அந்தத் தடத்தைவிட இந்தச் சிரிப்புதான் பயத்தைக் கொடுத்தது. வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"ஒண்ணுமில்லத்தை. ஞாயித்துக்கிழமை பீச்சுல ஆபீஸ் பையன் ஒருத்தனைப் பார்த்தோம். நான் கொஞ்சம் சிரிச்சுப் பேசிட்டேன். அவருக்குக் கோவம் வந்துடுச்சு. அப்புறம் அவரே அழுதாரு தெரியுமா? கையைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதாரு. மறுநாளு ஆபீசுக்குப் பூ அனுப்பினாரு."

"யாரு, ராகேஷா?"

"அவருதான். உயிரையே வெச்சிருக்காரு, அதான் பொறுக்க முடியல. நம்ம கதைல எல்லாம் வருமே அத்தை. அந்த எஸ்டேட் முதலாளி கதைல, அடிச்சுட்டு அவரே மருந்து போட்டு விடுவாரே, எனக்கு எவ்ளோ புடிக்கும்! நீங்க பச்சைப் புள்ளி வெச்ச கதைதானே அது?"

 எந்தத் துணி பொருந்தியது, மதுமதி எப்போது கிளம்பினாள் என்பதெல்லாம் தங்கபுஷ்பத்தின் மனதில் பதியவே இல்லை.

தனியாக ஆனதும் பழைய பதிவுகளைத் திறந்தாள். எஸ்டேட் முதலாளி கதையில் அறைகிறான், பச்சை. கலெக்டர் கதையில் கலெக்டர் அறைகிறான், பிறகு அவளை இரண்டு நாள் வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறான், பச்சை. டாக்டர் கதையில் கட்டாயத் தாலி. அதற்கும் பச்சை, போதாததற்கு "குடும்பத்தோடு படிக்கலாம்" என்று இவள் கைப்படப் பாராட்டு வேறு. எல்லாவற்றையும் இவள் வரி விடாமல் படித்திருக்கிறாள். உதடு வந்த இடமெல்லாம் உறுத்திய கண்ணுக்குக் கை ஓங்கிய ஓர் இடம்கூட உறுத்தவில்லை. 

சாருலதாவுக்குப் போன் போட்டாள். "உங்க கதைல இருபதாம் அத்தியாயத்துல அவன் எதுக்கு அவளை அடிக்கிறான்?"

"என்னக்கா, ரேட்டிங் மாறுதா?" என்று பதறினாள் சாருலதா. "ஹீரோன்னா கொஞ்சம் கோவம் இருக்கணுமே அக்கா. வாசகிங்க அதைத்தான் கேக்குறாங்க. கடைசி அத்தியாயத்துல திருந்திடுறான். உங்க ஃபார்ம்ல எல்லாத்துக்கும் உண்மையாத்தான் பதில் போட்டேன். அடியைப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே!"

தங்கபுஷ்பம் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். பதினான்கு கேள்வியில் ஒன்றுகூட அதைப் பற்றி இல்லை.

மதியம் சாப்பிட அப்பாவும் மகனும் வந்தார்கள். ராகேஷ் தட்டின் முன்னால் உட்கார்ந்ததுமே கேட்டுவிட்டாள்.

"ஏலே, மதுவை அடிச்சியா?"

அவன் திகைப்பான், மறுப்பான், குறைந்தபட்சம் தலையையாவது குனிவான் என்று நினைத்தாள். பெற்றவள் அல்லவா, நப்பாசை. அவன் ரசத்துக்குக் கை நீட்டினான்.

"சொல்லிட்டாளா? இன்னாத்துக்கும்மா பெருசு பண்ற? அதான் சாரி கேட்டு முடிஞ்சு போச்சே. அவளே ஒண்ணும் நினைக்கல."

"நாளைக்கு மறுபடியும் உன் பேச்சைக் கேக்கலைன்னா?"

"கேக்க வெச்சுக்கலாம், விடு."

இவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். குரலில் கோபம்கூட இல்லை. இருபத்தெட்டு வருஷம் சோறு போட்ட பிள்ளையை, தெருவில் போகிற எவனையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள் தங்கபுஷ்பம்.

கணேசமூர்த்திக்கும் முகம் கறுத்துவிட்டது. அந்த மனுஷன் ஒரு நாளும் கை நீட்டியவர் இல்லை. ஆனால் பிள்ளை கை கழுவப் போனதும், "கண்டிச்சு வைக்கிறேன், புஷ்பம். பத்திரிகை பாதி ஊருக்குப் போயாச்சு. கல்யாணம் ஆனா சரியாயிடுவான்" என்றார். கடைசி அத்தியாயத்தில் திருந்திவிடுவான் என்று சாருலதா சொன்னதும் இதைத்தான். தங்கபுஷ்பம் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி ஆட்டோ பிடித்தாள்.

திருவான்மியூரில் வைரவன் வீட்டுக் கூடமெங்கும் கல்யாணச் சாமான். மதுமதி லீவு போட்டு வீட்டில்தான் இருந்தாள். அவர் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். "வாங்க சம்பந்தி, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீங்க?" என்று கேட்டபடி அவர் மனைவி காபி போட உள்ளே ஓடப் பார்த்தாள். தங்கபுஷ்பம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். வெட்டவெளிச்சமாகச் சொன்னாள். மகன் அடித்தது, கேட்டதற்கு அவன் சொன்ன பதில், ஒன்று விடவில்லை.   அவர் மனைவி, மகள் கூந்தலை ஒதுக்கிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வெயிலில் வந்த கட்டி என்று மதுமதி அம்மாவிடம் சொல்லியிருந்தாளாம்.

மதுமதிக்குக் கோபம்தான் வந்தது. "நீங்க அவரோட அம்மா! நீங்களே இப்படிச் சொல்லலாமா? அவரு மாறிடுவாரு அத்தை. கல்யாணத்துக்கு அப்புறம் எல்லாரும் மாறுவாங்க."

"மாறுறது கதைல, தாயி. அங்க முடிவை எழுத ஒரு ஆளு இருக்கா. இவனை நான் பெத்தவ. இன்னிக்கு அவன் மூஞ்சியப் பார்த்துட்டு வந்து சொல்லுதேன், மாற மாட்டான்."

 மதுமதி முகத்திலிருந்து அந்தக் கோபம் வடிந்துவிட்டது. குரல் சின்னப் பிள்ளைக் குரலாகிவிட்டது.

"அப்போ எதுக்கு அத்தை பச்சை வெச்சீங்க? அம்மா உங்க புள்ளியப் பார்த்துட்டுத்தான் எனக்குக் கதையே படிக்கக் குடுப்பாங்க."

தங்கபுஷ்பத்துக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. விளைவுகளுக்குப் பொறுப்பேற்க மாட்டேன் என்று எத்தனை வெள்ளிக்கிழமை எழுதியிருக்கிறாள்! விளைவு இதோ, கன்றிய காதோடு எதிரில் நிற்கிறது.

"தப்புப் பண்ணிட்டேன். முத்தத்தை எண்ணத் தெரிஞ்ச எனக்கு இதைப் பார்க்கத் தெரியல. என்னை மன்னிக்கணும்னு கேக்கல" என்றவள், சட்டென்று ஒரு சந்தேகம் வந்தவளாக அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்தாள். "மது, இது எத்தனாவது தடவை?"

மதுமதி அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"நாலு" என்றாள். "யாரும் கேக்கல."

வைரவன் நாற்காலியில் உட்கார்ந்தார். நிச்சயத்துக்கு வந்த நூறு பேர் முன்னால் தாம்பூலத் தட்டை வாங்கிய கை அவருடையது. "இப்ப நான் என்ன செய்யட்டும், சம்பந்தி?" என்றார்.

"சம்பந்தின்னு கூப்பிடாதீங்க அண்ணாச்சி" என்றாள் தங்கபுஷ்பம். "எம் பையனுக்குப் பொண்ணு குடுக்காதீங்க."